தையல் மிஷினுக்கு முன்னால் தராசைப் பாருங்கள்

ராமநாதபுரம் மாவட்டத்தில் தொண்டிக்கும் தேவிபட்டினத்துக்கும் நடுவே உள்ள ஒரு கடற்கரை ஊரிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "எத்தனையோ திட்டம் வந்தும் எங்கள் ஊர்களில் கடனும் கஷ்டமும் குறைந்தபாடில்லை. படித்த பிள்ளைகள் சிலர் சேர்ந்து ஒரு அமைப்பு தொடங்கப் போகிறோம். பெண்களுக்குத் தையல், பையன்களுக்குக் கணினிப் பயிற்சி என்று ஆரம்பிக்கலாம் என நினைக்கிறோம். சரியாக இருக்குமா? இல்லை, வேறு எங்கிருந்தாவது தொடங்கணுமா?"

கூட்டுறவு, கடன் சம்பந்தப்பட்ட வேலையாக இந்தக் கரையோரத்தில் ரொம்ப காலம் அலைந்தவன் என்ற முறையில் சொல்கிறேன். தையலை ஒத்திப் போடுங்கள். சாயல்குடியிலிருந்து தொண்டி வரைக்கும் எந்த ஊருக்குப் போனாலும் பயிற்சி முடிந்து கொடுத்த தையல் மிஷின் நாலாவது போர்வை மூடி மூலையில் கிடக்கும். ஊரில் ஜாக்கெட் தைக்கக் கொடுப்பவர்கள் ஐம்பது பேர், தைக்கத் தெரிந்தவர்கள் அறுபது பேர் என்றால் என்ன வருமானம் வரும்? கணினிப் பயிற்சியைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அதைக் கற்ற பையன் ஊரைவிட்டுத்தான் போவான். போகட்டும், நல்லதுதான். ஊரில் இருப்பவர்களின் பிரச்சினை அப்படியே இருக்கும்.

இந்தக் கரையில் பணமே புழங்கவில்லை என்று நினைத்துவிடாதீர்கள். தமிழ்நாட்டிலேயே நீளமான கடற்கரை உள்ள மாவட்டம் இது. இங்கே பிடிக்கும் இறாலும் கணவாயும் நண்டும் வெளிநாட்டுக்குப் போகின்றன. ஆனாலும் 2018 இல் மத்திய அரசு நாட்டின் பின்தங்கிய மாவட்டங்களைப் பட்டியல் போட்டபோது தமிழ்நாட்டில் சேர்ந்தவை இரண்டே இரண்டு: விருதுநகர், ராமநாதபுரம். கடலிலிருந்து வரும் பணம் கரையில் தங்குவதில்லை. எங்கே ஒழுகுகிறது என்று பார்த்தால், ஓட்டை கரையிலேயே, தராசடியில் இருக்கிறது.

உங்கள் ஊரிலேயே காலையில் போய் நின்று பாருங்கள். நண்டுவலை போட்ட வள்ளம் கரை சேர்ந்ததும் வலையை அப்படியே மணலில் இழுத்துப் போடுவார்கள். வீட்டுப் பெண்கள், வயசான ஆட்கள் எல்லாம் உட்கார்ந்து ஒவ்வொரு நண்டாகக் கண்ணி விலக்கி எடுப்பார்கள். கால் முறிந்தால் விலை போச்சு என்பதால் பொறுமையாகத்தான் எடுக்க வேண்டும். இரண்டு மூன்று மணி நேர வேலை. அதற்குக் கூலி என்று யாரும் கணக்கு வைப்பதில்லை. அப்புறம் வியாபாரியின் ஆள் தராசும் நோட்டும் கொண்டு வருவார். உடைந்தது, சின்னது, தண்ணி நண்டு என்று ஒரு பக்கம் ஒதுக்குவார். மீதியை நிறுத்து எடையை எழுதிக்கொள்வார். விலை? அதை அங்கே யாரும் கேட்க மாட்டார்கள். வாரக் கடைசியில் கணக்குப் பார்க்கும்போது தெரியும். பிடித்தவர் ஏன் விலை கேட்கவில்லை என்றால், அவர் அந்த வியாபாரியிடம் அட்வான்ஸ் வாங்கியிருக்கிறார். கடன் தீரும்வரை வேறு யாருக்கும் சரக்கைக் கொடுக்க முடியாது.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். எண்கள் என் உதாரணம்தான், உங்கள் ஊர் விலையைப் போட்டு நீங்களே திருத்திக்கொள்ளுங்கள். வலைக்கும் இன்ஜினுக்கும் ஒரு லட்சம் அட்வான்ஸ். வட்டி கிடையாது, தவணை கிடையாது. சந்தையைவிட கிலோவுக்கு எழுபது ரூபாய் குறைத்து எடுக்கிறார். நாளைக்கு ஆறு கிலோ, வருடத்தில் இருநூறு நாள் தொழில் என்றால் 84,000 ரூபாய் போகிறது. அந்த ஒரு லட்சம் அசல் அப்படியே நிற்கிறது. அடுத்த வருடமும் 84,000. வட்டியில்லாக் கடன் என்று எல்லோரும் சொல்வது இதைத்தான்.

சரி, வங்கிக்குப் போகலாமே? விவசாயிகளுக்கு இருக்கும் கிசான் கடன் அட்டை 2018-19 முதல் மீனவர்களுக்கும் உண்டு. இரண்டு லட்சம் வரை ஈடு கேட்கக் கூடாது. ஒழுங்காகக் கட்டினால் வட்டி நான்கு சதவீதம்தான் விழும். அதாவது ஒரு லட்சத்துக்கு வருடம் நாலாயிரம். 84,000 எங்கே, 4,000 எங்கே! ஆனாலும் ஆட்கள் வியாபாரியிடம்தான் போகிறார்கள். அறியாமை என்று மேடையில் பேசுகிறவர்கள் சொல்வார்கள், நம்பாதீர்கள். ராத்திரி பத்து மணிக்கு அம்மாவுக்கு மூச்சுத் திணறல் வந்து ராமநாதபுரத்துக்குத் தூக்கிப் போக வேண்டும் என்றால் எந்த வங்கி கதவைத் திறக்கும்? வியாபாரி திறப்பார். பத்து நாள் கடலுக்குப் போகாமல் காற்று அடித்தாலும் அவர் வந்து நெருக்க மாட்டார். மகள் கல்யாணத்துக்கு இன்னொரு ஐம்பதாயிரம் தருவார். மாதா மாதம் தேதி வைத்துத் தவணை கேட்கும் கடன் கடல் தொழிலுக்கு ஒத்து வராது. மகளிர் குழு லோன் வாங்கிய வீடுகளில் இதை நீங்களே பார்த்திருப்பீர்கள். வாரத் தவணைக்காரர் வாசலில் வந்து உட்காரும் நாளில் பாடு, அதாவது பிடிப்பு, இருக்காது. அந்தத் தவணையைக் கட்ட இன்னொரு குழுவில் கடன் வாங்குவார்கள்.

ஆகவே வியாபாரி செய்யும் அத்தனையையும் செய்யக்கூடிய ஓர் ஏற்பாடு வேண்டும், விலையைக் குறைப்பதைத் தவிர. இது கற்பனை இல்லை. திருவனந்தபுரம் பக்கம் மரியநாட்டில் மீனவர்கள் தாங்களே சங்கம் வைத்து ஏலம் போடத் தொடங்கினார்கள். அது பரவி 1980 இல் தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பு ஆனது. நம் கன்னியாகுமரிக் கரையிலும் அந்த மாதிரிச் சங்கங்கள் உண்டு. முறை எளிது. உறுப்பினர் பிடிப்பு முழுவதும் சங்கத்தின் வழியாக, எல்லோர் முன்னிலையிலும் ஏலம் போக வேண்டும். விற்ற பணத்தில் ஒரு பங்கைக் கடனுக்கும் ஒரு சிறு பங்கை அவர் பெயரில் சேமிப்புக்கும் இன்னொரு சிறு பங்கைச் சங்கச் செலவுக்கும் பிடித்துக்கொண்டு மீதியைக் கையில் கொடுப்பார்கள். நல்ல பாடு உள்ள நாளில் கடன் அதிகமாகக் கழியும். ஒன்றும் கிடைக்காத நாளில் ஒரு பைசா கட்ட வேண்டாம். இந்த ஒரு அம்சம் போதும், வங்கிக் கடனும் குழு லோனும் தோற்ற இடத்தில் இது நிற்பதற்கு.

நம் மாவட்டத்தில் மீனவர் கூட்டுறவுச் சங்கம் இல்லாத ஊர் இல்லையே என்பீர்கள். இருக்கிறது. மீன்பிடித் தடைக்கால நிவாரணம் வாங்கவும் சேமிப்பு நிவாரணத் திட்டத்தில் 1,500 கட்டி, மத்திய மாநிலப் பங்கும் சேர்ந்து 4,500 ஆக வாங்கவும் ஆட்கள் அங்கே பெயர் வைத்திருக்கிறார்கள். மீனை விற்கும் சங்கம் எத்தனை? புதிதாகப் பதிவு செய்து அலைவதைவிட, செத்துக் கிடக்கும் உங்கள் ஊர்ச் சங்கத்தை எழுப்ப முடியுமா என்று முதலில் பாருங்கள்.

இதில் நம் கரைக்கென்று ஒரு சிக்கல் உண்டு. நாகப்பட்டினம் பக்கம் பட்டினவர் ஊர்களில் ஊர்ப் பஞ்சாயத்து சொன்னால் சொன்னதுதான். கடலுக்குப் போகாதே என்றால் ஒரு படகு நகராது. நம் பக்கம் அப்படி இல்லை. பரதவர், கடையர், வலையர், முஸ்லிம்கள் என்று பல சமூகத்தார் ஒரே கரையில் தொழில் செய்கிறார்கள். சங்கங்களும் விசைப்படகுக்கு ஒன்று, நாட்டுப்படகுக்கு ஒன்று என்று படகை வைத்துத்தான் பிரிகின்றன. ஒரே ஊரில் மூன்று சங்கம் இருப்பதும் உண்டு. கடல்கரை முழுவதையும் திரட்டுகிறேன் என்று இறங்காதீர்கள். நண்டுவலைக்காரர்கள் மட்டும், படகு கரையேறும் ஒரே துறையில், இருபது வள்ளம். அது போதும் ஆரம்பத்துக்கு.

வியாபாரிகள் முறுக்கிக்கொள்வார்கள். முதல் வாரங்களில் ஏலம் எடுக்க யாரும் வராமல் போகலாம். சரக்கு கெடாமல் வைக்க ஐஸ் பெட்டியும், ராமநாதபுரத்துக்கோ மதுரைக்கோ ஏற்றிவிட ஒரு வண்டியும், நேரே எடுத்துக்கொள்ளும் ஒரு நண்டு கம்பெனியும் முன்கூட்டியே பேசி வைத்திராமல் ஏலத்தைத் தொடங்கினால் மூன்றாம் நாளே கலைந்துவிடும். அதோடு, வியாபாரிகளை வில்லன் ஆக்காதீர்கள். பாதிப் பேர் உங்கள் ஊர்க்காரர்கள், மாமன் மச்சான் உறவு. அவர்களும் மேலே உள்ள பெரிய கம்பெனியிடம் அட்வான்ஸ் வாங்கித்தான் கீழே கொடுக்கிறார்கள். ஏலத்தில் போட்டி போட்டு எடுக்கட்டுமே, யார் வேண்டாம் என்றது?

இனி பெண்கள். மரைக்காயர்பட்டினம், பாம்பன் சின்னப்பாலம், ஏர்வாடிப் பக்கமெல்லாம் தலைமுறையாகப் பெண்கள் கடற்பாசி எடுக்கிறார்கள். சேலைக்கு மேல் ஆம்பளைச் சட்டை, கண்ணில் கண்ணாடி, பாறை கிழிக்காமல் இருக்க விரல் ஒவ்வொன்றிலும் துணிச்சுற்று, இடுப்பில் பை. மூச்சைப் பிடித்துக்கொண்டு முங்கி, பாறையில் ஒட்டியிருக்கும் மரிக்கொழுந்துப் பாசியைப் பிய்த்து எடுப்பார்கள். அகர் என்ற கூழ்ப்பொருள் எடுக்க அது மதுரைப் பக்கத் தொழிற்சாலைகளுக்குப் போகிறது. இதைவிட மீன்பிடித் தொழில் என்று எதைச் சொல்வது? ஆனால் மீனவர் என்றால் படகில் போகும் ஆண் என்றே அலுவலகங்களுக்குப் பழக்கம். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளை வைத்து 1986 இல் தேசியப் பூங்கா அறிவிக்கப்பட்டதிலிருந்து தீவுக்குப் போகும் பெண்கள் வனத்துறைக்குக் குற்றவாளிகளாகவும் ஆகிவிட்டார்கள். வள்ளத்தைப் பிடிப்பது, பாசியைப் பறிப்பது, அபராதம் போடுவது என்று வருடக்கணக்கில் நடந்தது.

பவளப்பாறையைக் காக்க வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். அது போனால் மீனே இல்லை. ஆனால் காப்பதற்கு அந்தப் பெண்களே ஏற்பாடு செய்து காட்டினார்கள். மாதத்தில் பன்னிரண்டு நாள் மட்டும் எடுப்பது, பாசி வளரும் பருவத்தில் 45 நாள் தொடவே தொடாமல் விடுவது என்று தாங்களாகவே கட்டுப்பாடு வைத்துக்கொண்டார்கள். அவர்களை ஒன்றுசேர்த்த சின்னப்பாலம் லட்சுமிக்கு 2015 இல் சீகாலஜி என்ற அமெரிக்க அமைப்பின் விருது கிடைத்தது. அமெரிக்காவில் விருது கொடுத்துவிட்டார்கள், இங்கே உரிமம் என்று எழுதிக் கொடுக்கக் கை வரவில்லை. உங்கள் ஊர்ப் பெண்கள் பாசிக்குப் போகாமல் இருக்கலாம். நண்டு கழற்றுவது, கருவாடு போடுவது, தலைச்சுமையாக மீன் விற்பது என்று ஏதோ ஒன்று செய்கிறார்கள். அவர்கள் பெயரில் மீனவர் அட்டை இருக்கிறதா, நலவாரியத்தில் பதிவு இருக்கிறதா, சங்கத்தில் தனி உறுப்பினராக இருக்கிறார்களா என்று வீடு வீடாகப் பாருங்கள். அட்டை இல்லாவிட்டால் கடனும் இல்லை, விபத்துக் காப்பீடும் இல்லை, நிவாரணமும் இல்லை. படித்த பிள்ளைகள் நீங்கள் செய்ய வேண்டிய முதல் வேலை இது. தையல் வகுப்பைவிட இதற்குச் செலவு குறைவு, நடை மட்டும் அதிகம்.

பாசி வளர்ப்பு பற்றி யாராவது உங்களிடம் பேச வருவார்கள். மூங்கில் மிதவையில் கப்பாபைகஸ் என்ற வெளிநாட்டுப் பாசியைக் கட்டி விட்டால் 45 நாளில் அறுவடை. மண்டபம் பக்கம் பல குடும்பத்துக்குச் சோறு போட்டிருக்கிறது, மறுக்க முடியாது. வலமாவூரில் 2023 இல் கடற்பாசிப் பூங்காவுக்கு அடிக்கல்லும் நாட்டினார்கள். மூன்று விஷயம் மட்டும் மனதில் இருக்கட்டும். கடல் சூடேறும் வருடத்தில் மிதவை மிதவையாக அழுகிப் போகும். அப்புறம் அது மன்னார் வளைகுடாப் பக்கம் போய் குருசடைத் தீவின் பவளப்பாறைமேல் படர்ந்ததை 2008 இலேயே ஆய்வாளர்கள் எழுதிவிட்டார்கள். வாங்கும் கம்பெனி ஒன்றே ஒன்று என்றால் விலையும் அவர் சொல்வதுதான். பழைய தராசுதான், கடலுக்குள் வைத்திருக்கிறார்கள்.

இலங்கைப் பிரச்சினையைச் சொல்லாமல் ராமநாதபுரம் கடலைப் பற்றி எழுத முடியாது. ஆனால் அது ஒன்றுதான் பிரச்சினை என்று தொலைக்காட்சியில் வருவதை ஒத்துக்கொள்ளவும் முடியாது. கைதும் படகுப் பறிமுதலும் குடும்பங்களை நாசமாக்குகின்றன. ஓட்டுநர் சிறைக்குப் போனால் வீட்டில் அடுப்பு எரியாது. 1974 இல் கச்சத்தீவு போனது, 1976 இல் கடல் எல்லையும் கறாரானது, அந்த ஆதங்கம் நியாயமானது. ஆனால் கச்சத்தீவு நாளைக்கே திரும்பி வந்தாலும் கடலடியை வாரி இழுக்கும் இழுவைமடி வலைக்கு மீன் வந்துவிடுமா? பாக் நீரிணை ஆழமில்லாத சின்னக் கடல். 1960களில் நார்வே உதவித் திட்டக் காலத்தில் தொடங்கி அரசே ஊக்குவித்து வளர்த்த இழுவைப்படகுகள் நம் பக்கத் தரையை அரித்து முடித்துவிட்டுத்தான் எல்லை தாண்டின. அந்தப் பக்கம் வலை அறுபட்டு நிற்பவர்களும் தமிழ் மீனவர்கள்தான். இலங்கை 2017 இல் இழுவைமடியையே சட்டம் போட்டுத் தடுத்துவிட்டது. நம் பக்கத்திலும் நாட்டுப்படகுக்காரர்கள் இதே புகாரைத்தான் சொல்கிறார்கள். வாரத்தில் மூன்று நாள் விசைப்படகு, மற்ற நாள் நாட்டுப்படகு என்று ராமேசுவரத்தில் 1990களிலேயே பேசி முடிவு செய்தது இந்தச் சண்டையால்தான்.

இழுவையிலிருந்து ஆழ்கடலுக்கு மாற்றும் திட்டம் 2017 இல் வந்தது. படகு 80 லட்சம். மத்திய அரசு பாதி, மாநிலம் 20 சதவீதம், வங்கிக் கடன் 20, சொந்தப் பணம் 10. பழைய இழுவைப்படகை விட்டுவிட வேண்டும். காகிதத்தில் அருமையான திட்டம், எடுத்தவர்கள் குறைவு. காரணம் தொழில் தெரிந்தவர்களுக்குப் புரியும். இங்கே காலையில் போய் மறுநாள் விடியலில் கரை சேர்ந்து பழகியவர்கள். சூரைக்கு ஆழ்கடல் போனால் வாரக்கணக்கில் கடலில் கிடக்க வேண்டும். கன்னியாகுமரிப் பக்கத் தூத்தூர்க்காரர்களுக்கு அது கைவந்த தொழில், நம்மவர்களுக்குப் புதிது. அவ்வளவு பெரிய படகைப் பாக் நீரிணையில் கட்ட ஆழமும் இல்லை, மூக்கையூருக்கோ குந்துகாலுக்கோ போக வேண்டும். எட்டு லட்சம் சொந்தப் பணம், அதையும் வியாபாரியிடம்தான் வாங்க வேண்டும். இதைவிடப் பெரிய ஓட்டை: திட்டம் முழுக்கப் படகு முதலாளிக்கு. கூலிக்குப் போகும் ஆட்களுக்கு அதில் பெயரே இல்லை. ஜெயிலுக்குப் போகிறவர்களில் பெரும்பாலோர் அவர்கள்தான். படகை ஒப்படைக்க வேண்டும் என்றால் அதில் வேலை செய்தவர்களுக்கும் பணமும் தொழிற்பயிற்சியும் சேர்த்துத் தரணும். இது உங்கள் அமைப்பால் ஆகிற காரியம் இல்லை, எம்.எல்.ஏ., எம்.பி. அளவில் பேச வேண்டியது. பேசும்போது கூலியாட்களின் பட்டியல் கையில் இருந்தால் பேச்சுக்குப் பலம் வரும்.

குடிதண்ணீர், படிப்பு, சாராயம் எல்லாம் கேட்பீர்கள். தண்ணீர் காவிரிக் கூட்டுக்குடிநீர்த் திட்டம் வந்த பிறகு முன்னைக்குத் தேவலை. குழாயில் வராத நாளில் தள்ளுவண்டியில் குடம் அடுக்கிக்கொண்டு போகும் பெண்களின் அரை நாள் இன்னும் வீணாகத்தான் போகிறது. ஒன்பதாம் வகுப்பில் பையன் நின்றுவிடுவதற்கு, கடலுக்கு ஒரு ஆள் குறைகிறது என்பதே பாதிக் காரணம். கடன் குறைந்தால் அதுவும் குறையும் என்பது என் கணிப்பு. சாராயத்தைப் பற்றி உங்கள் ஊர்ப் பெண்களைக் கேளுங்கள், என்னைவிட நன்றாகச் சொல்வார்கள்.

இப்போது நடைமுறை. முதல் ஆறு மாதம் பயிற்சி, கட்டடம், பேனர் எதுவும் வேண்டாம். ஒரு நோட்டுப் போடுங்கள். இருபது வள்ளத்தின் எடை, கிடைத்த விலை, அதே நாளில் ராமநாதபுரத்திலும் தொண்டியிலும் இருந்த விலை. பாம்பனில் கடல் ஓசை என்று மீனவர்களுக்கான சமூக வானொலி இருக்கிறது. உங்கள் ஊருக்கு அது எட்டாது. பரவாயில்லை, விலையைத் தினமும் வாட்ஸ்அப்பில் போட்டாலே போதும். மூன்றாவது மாதம் யாரும் சொல்லாமலே ஆட்கள் வியாபாரியிடம் விலை கேட்கத் தொடங்குவார்கள். அப்போது ஒவ்வொருவரும் எவ்வளவு அட்வான்ஸ் வாங்கியிருக்கிறார் என்று கேட்டு எழுதுங்கள். எடுத்தவுடனே கேட்டால் சொல்ல மாட்டார்கள், கௌரவப் பிரச்சினை. பெரிய கடன்காரரை விட்டுவிட்டு, முப்பதாயிரம் நாற்பதாயிரம் உள்ள ஐந்தாறு பேருக்குக் கிசான் அட்டை வாங்கிக் கொடுத்து அந்த அட்வான்ஸை அடைக்கச் செய்யுங்கள். அட்டைக்கு வங்கி இழுத்தடிக்கும். மீன்வளத் துறை ஆய்வாளரையும் மாவட்ட முன்னோடி வங்கி மேலாளரையும் ஒரே நாளில் ஊருக்கு வரவழைத்தால் பாதி வேலை அங்கேயே முடியும். அந்த ஐந்தாறு பேரின் சரக்குதான் உங்கள் முதல் ஏலம்.

தொடங்கும் மாதத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். அப்போது நாட்டுப்படகு பிடிப்புக்கு நல்ல விலை இருக்கும், ஏலம் தொடங்க அதுதான் வசதி. ஜூன் பிறந்தால் பள்ளிக்கூடச் செலவு வந்துவிடும், பாதி அட்வான்ஸ் அந்த மாதம்தான் வாங்குகிறார்கள். வாடைக் காற்று எழும் ஐப்பசி, கார்த்திகையில் நம் வடகடலில், அதாவது பாக் நீரிணைப் பக்கம், தொழில் படுத்துவிடும், மிச்சப் பாதி அப்போது. ஆகவே இந்தத் தையில் நோட்டைத் தொடங்கினால், அடுத்த வாடைக்குள் சங்கத்தின் கையில் அவசரக் கடனுக்கென்று சிறு தொகையாவது சேர்ந்திருக்க வேண்டும். ராத்திரி பத்து மணிக்குக் கேட்டாலும் எடுத்துக் கொடுக்கக்கூடிய ஒருவர் வீட்டில் அந்தப் பணம் இருக்கணும். அந்த ஒருவர் பெண்ணாக இருந்தால் நல்லது என்பது என் அபிப்பிராயம், கணக்கு தப்பாது.